டிரிப் ஷீட்டைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள்

பேட்டை லாரி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். என் இடத்துக்கு வந்த தம்பி முதல் வாரமே கேட்டான்: "இந்த டிரிப் ஷீட் மூட்டையெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? 44ஏஇ போட்டா சோலி முடிஞ்சுது." கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை, இப்போது ஆடிட்டர் ஆபீஸ்களிலும் இதே பேச்சுதான்.

வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ பிரிவு 1994-இல் வந்தது. பத்து வண்டிக்கு மேல் வைத்திராதவர், 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய், மற்ற வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் என்று வருமானம் காட்டினால் போதும். ஆர்.சி. புத்தகத்தில் 28 டன் என்றால் வருடத்துக்கு 3,36,000. ஆனால் வண்டி ஓடியதா, நின்றதா என்று அந்தப் பிரிவு கேட்காது. பிசான நெல் ஏற்றி முடிந்து லோடு இல்லாமல் நிற்கும் மாதமும், பட்டறையில் இன்ஜினை இறக்கிப் போட்ட மாதமும் 28,000 சம்பாதித்த மாதம்தான். ஃபைனான்ஸ் வட்டியைத் தனியாகக் கழிக்க வழியில்லை. கிடைத்தது அதைவிடக் குறைவு என்று காட்ட வேண்டுமானால் கணக்கு எழுதி, ஆடிட் செய்ய வேண்டும். அந்தக் கணக்குக்கு டிரிப் ஷீட்தான் அஸ்திவாரம்.

அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மூத்த கணக்குப்பிள்ளை. கேரளா லோடு இறக்கிவிட்டு டிரைவர் வந்தால் டீ குடிக்கக்கூட விடமாட்டார். "மறக்கதுக்கு முன்னால சொல்லிரு. புளியரையில என்ன குடுத்தே? கொல்லத்துல இறக்குனது யாரு, நோக்குக்கூலி வாங்குனது யாரு?" என்று ஊர் ஊராகக் கேட்பார். நோக்குக்கூலி என்றால், சுமையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கு வாங்கும் கூலி. கேரள அரசு 2018-இல் அதைத் தடை செய்தது. அதற்கு ரசீது ஏது? பெரியவர் அதை இறக்குக்கூலியோடு சேர்க்க விடமாட்டார். இறக்குக்கூலி ஒரு வரி, நோக்குக்கூலி ஒரு வரி, மாமூல் ஒரு வரி, ஓவர்லோடு அபராதம் ஒரு வரி. மாமூலும் அபராதமும் சட்டப்படி செலவாகாது. அவற்றை மற்றதோடு கலந்துவிட்டால், கேள்வி வருகிற நாளில் நியாயமான கூலிக்கும் சந்தேகம் வரும். டீசல் பில்லில் வண்டி நம்பர் இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். ஷீட்டின் அடியில் டிரைவர் கையெழுத்து இல்லாமல் படி கணக்கை முடிக்கமாட்டார். டயர்க் கடையில் ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு தள்ளுபடி ஆகிவிடும் என்பதை முதலாளிகளுக்குச் சொல்லிச் சொல்லியே அவர் தொண்டை வற்றியது. லாரி வாடகைக்கு மட்டும் அந்த வரம்பு 35,000. இதெல்லாம் இன்று யார் சொல்லித் தருகிறார்கள்?

தம்பிமார் கவனிக்கவே கவனிக்காத இடம் தேய்மானம். வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருடம் 30 சதவீதம். 44ஏஇ-யில் போனால் தேய்மானத்தைத் தனியே கேட்க முடியாது, ஆனாலும் அதைக் கழித்ததாகவே சட்டம் கருதும். 40 லட்சத்துக்கு வாங்கிய வண்டி நான்கு வருடத்தில் ஏட்டில் 9,60,400 ரூபாய்க்கு இறங்கிவிடும். அடுத்த வருடம் 20 லட்சத்துக்கு விற்றால், பாதி விலைக்குத்தானே கொடுத்தோம், நஷ்டம்தானே என்று ஓனர் நினைப்பார். வேறு வண்டி இல்லாதவருக்குச் சட்டப்படி அது 10,39,600 ரூபாய் லாபம். மூன்று வண்டியை ஒரே வருடத்தில் விற்றுவிட்டு ஓய்வெடுக்கப் போகிறவர் நிலையை யோசியுங்கள். விற்கும் முன்பே அவரை உட்காரவைத்து இதைச் சொல்வதுதான் கணக்கு எழுதுகிறவன் வேலை. பட்டனை அழுத்துவது வேலை இல்லை.

சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. தினப்படி வாங்காதவருக்கு, ஓட்டத்தில் ஆகும் சொந்தச் செலவுக்காகக் கொடுக்கும் படியில் 70 சதவீதத்துக்கு, ஒரு மாத உச்சவரம்பு வரை, வரி கிடையாது. சம்பளத்தையும் படியையும் முதலாளி பிரித்து எழுதியிருந்தால்தான் அது கிடைக்கும். ஒரே தொகையாக எழுதிப்போடுகிற ஆபீஸ்கள்தான் அதிகம். புதிய வரி முறையில் இந்தச் சலுகையே இல்லை. அதில் 12 லட்சம் வரை வரியும் இல்லை என்பதால் யாரும் வருத்தப்படவில்லை.

வரி இல்லையே, ரிட்டர்ன் எதற்கு என்று டிரைவர்கள் கேட்கிறார்கள். வள்ளியூர் பக்கமோ கயத்தாறு பக்கமோ ரோட்டில் ஒன்று நடந்துவிட்டால், நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் முதலில் கேட்பது இறந்தவரின் வருமானத்துக்கு ஆதாரம். ரிட்டர்ன் இருந்தால் வீட்டுக்காரம்மா அதை எடுத்து நீட்டலாம். இல்லையென்றால் தீர்ப்பாயம் உத்தேசமாக ஒரு கூலியைப் போட்டு முடித்துவிடும்.

ஆகவே டிரைவர் தம்பிகளே, வருடம் தவறாமல் ரிட்டர்ன் போடுங்கள். அதன் நகலை வண்டியில் வைக்காதீர்கள், வீட்டில் கொடுத்து வையுங்கள்.