வயலில் ஒரு கூட்டம், உப்பளத்தில் ஒரு கூட்டம்: பட்டுக்கோட்டைக்கு வரும் குளிர்கால விருந்தாளிகள்

பட்டுக்கோட்டை என்றால் பலருக்கும் மக்கள் கவிஞர் கல்யாணசுந்தரம் நினைவுக்கு வருவார், அடுத்து தென்னந்தோப்பு. அந்தத் தோப்புகளில் பெரும்பகுதியை 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்டது. ஆனால், மார்கழி மாதத்தில் இந்த ஊருக்கு வருபவர்கள் தலையைத் தூக்கித் தென்னையைப் பார்ப்பதைவிட, குனிந்து சேற்றைப் பார்ப்பது நல்லது. உள்ளான்கள் வந்திருக்கும்.

கல்லணைக் கால்வாயின் கடைமடை வயல்களில் தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் பொரி உள்ளான் நடமாடும். பழுப்பு உடம்பில் வெள்ளைப் பொரியைத் தூவியதுபோல இருக்கும். தெற்கே சுமார் 12 கி.மீ. போனால் அதிராம்பட்டினம். அங்கே உப்பளங்களின் ஓரம் ஓடி ஓடிப் பொறுக்குவது கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம்தான். ஆனால், சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகிறது!

இரண்டும் வடக்கிலிருந்து வருபவை, இரண்டும் சேற்றில் பூச்சி, புழு தின்பவை. அப்புறம் ஏன் ஒன்று நன்னீரையும் மற்றொன்று உப்புநீரையும் தேடுகிறது?

இரை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை 1997-ல் முன்வைத்தார் நெதர்லாந்தின் பறவை ஆய்வாளர் தியூனிஸ் பியர்ஸ்மா: ஒட்டுண்ணிகள். பறவைகளுக்கும் மலேரியா வரும். 1898-ல் கொல்கத்தாவில் ரொனால்டு ராஸ், கொசு வழியாக மலேரியா பரவும் விதத்தை முழுமையாகக் கண்டுபிடித்ததே பறவைகளை வைத்துத்தான். (பயம் வேண்டாம், பறவை மலேரியா மனிதருக்குத் தொற்றாது.) நன்னீர்க் குளமும் வயலும் கொசுவுக்குச் சொர்க்கம். உப்பு ஏறிய பாத்தியில் பெரும்பாலான கொசுக்களின் குஞ்சுகள் பிழைக்காது. வடதுருவத்துச் சமவெளியிலோ கோடையில் கொசு மொய்க்கும். ஆனால், அந்தக் குளிரில் கொசுவின் உடம்புக்குள் மலேரியாக் கிருமி வளர்ந்து முடிக்க முடியாது.

ஆக, துருவத்தில் பிறந்து கடலோரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை, வருடம் முழுக்க ஒட்டுண்ணி குறைந்த இடங்களிலேயே வாழ்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி இலவசமாகக் கிடைப்பதில்லை. அதற்கும் புரதம் வேண்டும், உடல் வலு வேண்டும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு இது புரியும். அந்தச் செலவைக் குறைத்து, மிச்சத்தை நெடுந்தூரப் பறத்தலுக்கும் குஞ்சுகளை வேகமாக வளர்ப்பதற்கும் இந்தப் பறவைகள் ஒதுக்கியிருக்கலாம் என்பது பியர்ஸ்மாவின் யூகம். பொரி உள்ளான் போன்றவை காட்டுச் சதுப்பிலும் நன்னீரிலும் வாழ்வதால், அவற்றுக்கு வலுவான காவல் தேவை. கடலோரப் பறவைகளைவிட நன்னீர்ப் பறவைகளிடம் மலேரியாத் தொற்று அதிகம் என்று பிறகு நடந்த ரத்தப் பரிசோதனைகள் காட்டின. யூகம் முழுவதுமாக நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால், பட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஒரே காலையில் இரண்டு வாழ்க்கை முறையையும் பார்த்துவிடலாம்.

கிழக்கே முத்துப்பேட்டை வழியாகப் போனால் உதயமார்த்தாண்டபுரம் சரணாலயம், நன்னீர் ஏரி. வேதாரண்யம் உப்பளங்களைத் தாண்டினால் கோடியக்கரை, உப்பங்கழி. இரண்டுமே ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள். கோடியக்கரைக்குப் போனால் ஒரு பழைய கதையையும் கேட்கலாம். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதருக்கும் காய்ச்சல் வந்தது. பரப்பியது உண்ணி. கிருமியோ ரஷ்யாவில் இருந்த ஒன்றுக்கு உறவு. வலசைப் பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்தனவோ என்ற சந்தேகத்தில் உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. சலீம் அலி தலைமையில் பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கம் பறவைகளைப் பிடித்து, உண்ணி எடுத்து, காலில் வளையம் மாட்டி விட்டது. பறவைகள்மீதான சந்தேகம் உறுதிப்படவே இல்லை. வளையம் மாட்டும் வேலை மட்டும் வளர்ந்து கோடியக்கரைக்கும் வந்தது. பறவைகளின் வலசைப் பாதை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அதனால் கிடைத்ததுதான்.

காவல் குறைந்த உடம்புக்கு ஆபத்து எப்படி வரும்? ஹவாய்த் தீவுகளில் கொசுவே இல்லாமல் இருந்தது. 1826 வாக்கில் கப்பல் தண்ணீரோடு கொசு வந்திறங்கியது. பின்னாளில் மலேரியாவும் சேர்ந்துகொள்ள, அந்தத் தீவுக்கே உரிய தேன்சிட்டு போன்ற பறவைகள் இனம் இனமாக அழிந்தன. மலையுச்சிக் குளிரில் இருந்தவை தப்பின. 'அமகிஹி' என்ற ஒரு சிட்டு மட்டும் தாழ்நிலத்திலேயே நோயைத் தாங்கப் பழகியிருக்கிறது. பூமி சூடாவதால் குளிர் தரும் காவலும் வடக்கே பின்வாங்குகிறது. அலாஸ்காவிலேயே பறவை மலேரியா பரவுவதை 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது.

கொசு உள்ளானின் பிறந்த வீட்டில் இனி என்ன நடக்கும் என்பது அதிராம்பட்டினத்தில் நின்றால் தெரியாது. அதன் புகுந்த வீட்டையாவது பார்க்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். காலை வெயில் ஏறும் முன் உப்பள வரப்பில் சத்தம் போடாமல் நில்லுங்கள். பாத்திக்குள் இறங்க வேண்டாம், அது உப்புத் தொழிலாளர்களின் உழைப்பு. ஏப்ரல் கடைசியில் போனால் பெரும்பாலான உள்ளான்கள் கிளம்பியிருக்கும்.