பதினேழு பேருக்கு ஒரு கூரை

கேமரன் மலைக்குப் போவதில் பெரிய சிரமம் இல்லை. கோலாலம்பூரிலிருந்து வடக்கு நெடுஞ்சாலையைப் பிடித்துத் தாப்பாவில் இறங்கி, லத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறலாம். வளைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஈப்போ பக்கம் போய் சிம்பாங் பூலாய் வழியாகக் கம்போங் ராஜாவுக்குள் நுழையலாம். சிரமமெல்லாம் பதினேழு பேராகப் போவதில்தான் இருக்கிறது. அதுவும் பள்ளி விடுமுறையில், பிரிஞ்சாங்கில், "எல்லாரும் ஒரே இடத்துல தங்கினாதான் நான் வருவேன்" என்று பாட்டி சொல்லிவிட்ட பிறகு.

எங்கள் கணக்கு இது. பாட்டி, அவருக்குத் துணையாகப் பெரியம்மா. அப்பா, அம்மா. சிங்கப்பூரிலிருந்து மாமாவும் அத்தையும். பெரியக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள். தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். நான், என் கணவர், மகள். பெரியவர்கள் 12, சிறுவர்கள் 5.

ஹோட்டலைக் கேட்டால் இந்தக் குடும்பம் ஆறு அறைகளாகிவிடுகிறது. ஓர் அறை என்றால் இரண்டு பெரியவர்கள், மிஞ்சினால் கட்டில் கேட்காத ஒரு குழந்தை. நால்வர் தங்கும் குடும்ப அறை சில இடங்களில் உண்டு. விடுமுறையில் முதலில் தீர்ந்துபோவதும் அதுதான். ஆறு அறைகள் கிடைத்தாலும் ஒரே மாடியில் கிடைப்பதில்லை. பாட்டி இரண்டாம் மாடி, தம்பி ஐந்தாம் மாடி என்றால் மாலையில் எங்கே கூடுவது? வரவேற்பறை நாற்காலிகளிலா?

மாமாவுக்கும் அத்தைக்கும் இன்னொரு சின்னச் செலவும் உண்டு. 2017 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டவர் தங்கும் அறை ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. மலேசியர்களுக்கு அது இல்லை. பெரிய தொகை இல்லைதான். ஆனால் வெளிநாட்டு உறவினர்களுக்காக மூன்று நான்கு அறைகள் எடுப்பவர்கள் மொத்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

இந்த நேரத்தில்தான் தம்பி போன் பண்ணினான். "சின்னக்கா, நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. எனக்கு லீவு கிடைக்காது போல." அவனுக்கு லீவு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். லோரி ஓட்டுகிறவன், ஒற்றைச் சம்பளம், இரண்டு பிள்ளைகள். ஆறு அறை விலையை நான் குடும்பக் குழுவில் போட்ட அன்று இரவுதான் அந்த போன் வந்தது. குடும்ப அறைக்கு ஓர் இரவுக்கு 320 என்றார்கள். இரண்டு இரவுக்கு 640. அதற்கு மேல் பெட்ரோல், சாப்பாடு. வேறு காரணம் எதையும் நான் தேடவில்லை.

வானொலியில் எனக்குக் காலை நேரம். மறுநாள் இதையே பேச்சாக்கினேன்: "பெரிய குடும்பமா விடுமுறைக்குப் போனா எங்கே தங்குறீங்க?" அழைப்பு நிற்கவே இல்லை. கிள்ளானிலிருந்து பேசிய ஓர் அம்மா, ஒவ்வொரு வருடமும் இரண்டு வேன் நிறையக் கிளம்புவதாகச் சொன்னார். அவர் அறை பிடிப்பதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, "சோறு வடிக்க இடமிருக்கா?" சிரம்பானிலிருந்து ஒரு தம்பி சிரித்துக்கொண்டே ஒரு வழி சொன்னார்: இரண்டு பேர் பெயரைப் பதிந்துவிட்டு ஐந்து பேர் ஏறுவது, பிள்ளைகளைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போவது. நம்மில் பலர் செய்வதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீப்பிடித்தால் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று விடுதிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட, லிஃப்டில் யாராவது ஏறும்போதெல்லாம் பிள்ளையை ஒளியச் சொல்லும் விடுமுறை என்ன விடுமுறை?

நம் ஆட்களுக்குக் கூட்டமாகத் தங்குவது புதிதல்ல. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போனவர்களுக்குச் சத்திரம் இருந்தது. நகரத்தார் கட்டிய சத்திரம் காசியில் இன்றும் இருக்கிறது. அங்கே ஓர் ஊரே வந்து இறங்கினாலும் பாயை விரித்துவிடலாம். மலைவாசத் தலங்கள் வேறு விதமாக வளர்ந்தவை. 1885-இல் வில்லியம் கேமரன் நிலத்தை அளக்க வந்து அவர் பெயர் இந்த மலைக்கு ஒட்டிக்கொண்டது. சாலை வந்த பிறகு 1930-களில் வெயில் தாங்காத வெள்ளைக்காரர்களுக்காக இங்கே வீடுகளும் விடுதிகளும் எழுந்தன. தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் வழியில், கோல்ஃப் திடலுக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்மோக்ஹவுஸ் 1937-இல் கட்டியது. இங்கிலாந்துக் கிராமத்து வீடு மாதிரி, பார்க்க அழகு. ஆனால் அது ஒரு தம்பதிக்கு ஏற்ற அழகு. பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாகப் போனால் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

அந்தக் காலத்தில் இன்னொன்றையும் கட்டினார்கள்: பங்களா. குடும்பமும் விருந்தாளிகளும் வாரக்கணக்கில் தங்குவதற்கான வீடு. பெரிய கூடம், கணப்பு அடுப்பு, நாலைந்து படுக்கையறை, பின்பக்கம் சமையல்கட்டு. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26-ஆம் தேதி இங்கே காணாமல் போனாரே, அவரும் நண்பர்களின் அப்படியொரு பங்களாவுக்கு விருந்தாளியாக வந்தவர்தான். அவரை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. (இந்தக் கதையை மலை ஏறும்போது பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். இரவு கழிவறைக்குத் தனியாகப் போக மாட்டார்கள்.) நம் மாதிரிக் குடும்பத்துக்கு வேண்டியது இந்தப் பங்களா வகைதான். பழசோ புதுசோ, முழு வீடாக வாடகைக்குக் கிடைப்பவை பிரிஞ்சாங், தானா ராத்தா இரண்டு இடங்களிலும் உண்டு.

பங்களா அமையவில்லை என்றால் மூன்றறை அபார்ட்மென்ட் இரண்டு, ஒரே கட்டடத்தில், முடிந்தால் எதிரெதிரே. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையில் தாமான் செடியா என்ற மலாய்க் கம்போங் இருக்கிறது. அங்கே ஹோம்ஸ்டே கிடைக்கும். நல்ல உபசரிப்பு, ஆனால் வீட்டுக்காரர்களோடு தங்குவதால் பதினேழு பேர் பல வீடுகளில் பிரிய வேண்டிவரும். பாதிப் பேர் தானா ராத்தாவில், பாதிப் பேர் பிரிஞ்சாங்கில் என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. விடுமுறைச் சனிக்கிழமை மாலை பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் பக்கம் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது அந்தத் தூரம் பாட்டியின் மாத்திரை நேரத்தைத் தாண்டிவிடும்.

படங்களைப் பார்த்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படத்தில் சோபா தெரியும், படிக்கட்டு தெரியாது. பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, சரிவில் அமைந்த ஊர். தரைத்தளம் என்று சொல்வது சாலையிலிருந்து இரண்டு மாடி கீழே இருக்கலாம். பல அபார்ட்மென்ட்களில் லிஃப்ட் கிடையாது. ஓர் இடத்தில் "கொஞ்சம்தான் படி" என்றார்கள். எண்ணிச் சொல்லுங்கள் என்றேன், 46 வந்தது. அதனால் போனில் கேட்டேன். கடைசியாக எங்களுக்கு அமைந்த வீட்டின் காவலாளி தமிழர், அறுபது வயதுக்காரர். "ரோட்டுலேருந்து வாசலுக்கு எட்டுப் படிம்மா. பிடிச்சுக்கக் கம்பி இருக்கு. கீழேயே ஒரு ரூம், பக்கத்திலேயே பாத்ரூம். வயசானவங்களுக்கு அதுதான் குடுப்போம்" என்று கேட்பதற்கு முன்பே சொன்னார். அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

மீதிப் பாதி சுடுதண்ணீர். இங்கே ஏர்கோன் இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, பல வீடுகளில் காற்றாடிகூட இருக்காது. இரவில் 15 டிகிரி அளவுக்குக் குளிரும் ஊரில் பதினேழு பேர் குளிக்க எத்தனை ஹீட்டர் என்பதுதான் கேள்வி. தொட்டி வகை என்றால் மூன்று நான்கு பேர் குளித்ததும் தண்ணீர் பச்சையாகிவிடும். மறுபடி சூடாகக் காத்திருக்க வேண்டும். குழாயிலேயே சூடாக்கும் வகை என்றால் வரிசை நகரும். கழிவறை எத்தனை, போர்வை தலைக்கு ஒன்று உண்டா, மெத்தை ஈரவாடை அடிக்காமல் இருக்குமா, மூன்று வண்டி நிறுத்த இடம் உண்டா, அடுப்பில் குழம்பு வைக்கலாமா அல்லது தண்ணீர் மட்டும்தான் கொதிக்க வைக்கலாமா, முன்பணத்தை எப்போது திருப்பித் தருவார்கள். இவ்வளவையும் கேட்டால் கோபித்துக்கொள்ளும் வீட்டுக்காரரிடம் பதினேழு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

ஐந்து அறை, மூன்று கழிவறை, ஒரு கூடம். இரண்டு இரவுக்கு 2,400 ரிங்கிட், முன்பணம் தனி. இதை எப்படிப் பிரிப்பது? அறைக் கணக்கில் பிரித்தால் தம்பி மறுபடி லீவு இல்லை என்பான். அம்மாதான் வழி சொன்னார்: "சம்பாதிக்கிறவங்க தலைக்கு ஒரு பங்கு." பெரியக்கா வீட்டில் இருவர், எங்கள் வீட்டில் இருவர், மாமா, அத்தை, பென்ஷன் வாங்கும் அப்பா, தம்பி. எட்டுப் பங்கு, பங்குக்கு 300. அரிசி, பருப்பு, மளிகை எல்லாம் தன் கணக்கு என்று பெரியம்மா சொல்லிவிட்டார். நான் தம்பிக்குத் தனியாக எதுவும் சொல்லவில்லை. கணக்கை அப்படியே குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "லீவு கேட்டுப் பாக்கிறேன்."

வீட்டில் அறைகளை யார் யாருக்கு என்று ஒதுக்கியதெல்லாம் முதல் இரவே கலைந்தது. பிள்ளைகள் ஐந்தும் மெத்தைகளைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பெரியக்கா வந்தாள், நான் வந்தேன். ஸ்டீம்போட் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பாட்டி சைவம் என்பதால் அவருக்குத் தனிச் சட்டி. பிரிஞ்சாங் காய்கறி அப்படியே சட்டிக்குள் போனது. இரவு பத்து மணிக்கு, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பாட்டி பேச ஆரம்பித்தார்.

அவர் பீடோர் பக்கம் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமான புதிதில், அறுபதுகளில், தாத்தாவோடு இந்த மலைக்கு வந்திருக்கிறார். நாத்தனார் இங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளினாராம். லயத்து வீடு, இரண்டே அறை. "நாங்க போனப்ப வீட்டுல பதினோரு பேரு. ஆம்பளைங்க வெளித் திண்ணையில, பொம்பளைங்க உள்ள. கோணிச் சாக்கைக் கீழ போட்டு, மேல பாயி. ராத்திரி பூரா பல்லு ஆடும். விடிய நாலு மணிக்கு அடுப்பு பத்த வெச்சதும் எல்லாரும் அடுப்புகிட்ட ஓடிடுவோம்." எத்தனை நாள் தங்கினீர்கள் என்று மகள் கேட்டாள். "ஒரு வாரம். போதும்னு ஒருத்தரும் சொல்லல." தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்துபோய்ப் பாட்டியின் காலடியில் இன்னொரு போர்வையைப் போட்டுவிட்டு வந்து படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுங்கை பாலாஸ் போனோம். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களில் பிரிஞ்சாங்குக்கு அருகில் இருப்பது இதுதான். (திங்கட்கிழமை தேநீர் மையம் மூடியிருக்கும், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.) தோட்டத்துச் சாலை ஒரு வண்டி போகும் அகலம்தான், எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அதனால் சீக்கிரமே கிளம்புங்கள். சரிவுக்கு மேல் நீட்டிக் கட்டியிருக்கும் தளத்தில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பாட்டி மட்டும் தேயிலையைப் பார்க்கவில்லை. கீழே தெரிந்த தகரக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப யாரு இருக்காங்க அங்க?" என்றார். இன்று இந்த மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்றேன். "அவங்களும் பத்துப் பதினோரு பேரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேநீரை ஊதிக் குடித்தார். திரும்பும் வழியில் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலில் இறங்கி, அன்று மாலை முழுக்க வெளியே போகாமல் கூடத்திலேயே இருந்தோம்.

மூன்றாம் நாள் காலை காவலாளி அண்ணன் வந்து சாமான்களைச் சரிபார்த்தார். பாத்திரம் சரி, சாவி சரி. போர்வை 20 தந்திருந்தார், 19தான் இருந்தது. கட்டிலுக்கு அடியில், மெத்தை உறைக்குள் எல்லாம் தேடினோம். தம்பிதான் போய் வேனின் முன் இருக்கையைப் பார்த்தான். பாட்டி அதைச் சுற்றிக்கொண்டு தூங்கிவிட்டிருந்தார். "எழுப்பாதீங்கய்யா" என்றார் அண்ணன். "தாப்பா வரைக்கும் குளிரும். அப்புறமா பஸ்ல குடுத்தனுப்புங்க." முன்பணத்தை முழுசாக எண்ணித் தம்பி கையில் கொடுத்தார்.