அண்ணன் தம்பியும் அயல்நாட்டுக் கோர்ட்டும்

சொத்து ஒரே தேசத்தில் இருந்தால் அண்ணன் தம்பி சண்டைக்கு ஒரு கோர்ட்டு போதும். இரண்டு தேசங்களில் இருந்தால் இரண்டு கோர்ட்டுகள் வேண்டியிருக்கின்றன. அவ்விரண்டும் ஒரே தீர்ப்பைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அயல்நாடு என்றதும் மலேயாவையும் பர்மாவையும் நினைக்க வேண்டாம். பெங்களூர்ச் செல்வர் ஒருவர் உயில் எழுதி வைத்துவிட்டு 1942-ல் காலமானார். மைசூர் ராஜ்யத்திலும் அவருக்குச் சொத்து, சென்னை மாகாணத்திலும் சொத்து. எல்லாம் குடும்பப் பொதுச் சொத்து, உயில் செல்லாது என்று பிள்ளைகள் இரண்டு இடத்திலும் வழக்குப் போட்டார்கள். அன்றைய சட்டப்படி சென்னைக்கு மைசூர் அயல்நாடு. ராத்திரி ரயில் ஏறினால் பொழுது விடிந்ததும் இறங்கிவிடக்கூடிய அயல்நாடு! மைசூர்த் தீர்ப்பு சென்னையிலுள்ள வீடு நிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னபோது வருஷம் 1962. தகப்பனார் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. மண் எங்கே இருக்கிறதோ, அந்த மண்ணின் கோர்ட்டுதான் அதைப் பற்றிப் பேசலாம் என்பது பழைய நியாயம்.

சரி, ஒரு தேசத்துக் கோர்ட்டு இன்னொரு தேசத்து வழக்கை நிறுத்த முடியாதா? அயல்நாட்டில் வழக்கு நிலுவையில் இருப்பதால் மட்டும் இங்கே அதை விசாரிக்கக் கூடாது என்பதில்லை என்கிறது நமது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 10-வது பிரிவு. ஆகவே இரண்டு வண்டிகளும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்கு இங்கிலாந்தின் சான்ஸரி கோர்ட்டு வெகு காலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்தது. அந்தக் கோர்ட்டைப் பார்த்து 'நிறுத்து' என்று சொல்வதில்லை. வழக்காடுகிறவனைப் பார்த்து, 'நீ அங்கே போகாதே' என்று சொல்வது. மீறினால் கோர்ட்டு அவமதிப்பு. நம் சுப்ரீம் கோர்ட்டும் 1987-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு இப்படித் தடை போட்டது. 2003-ல் அதற்கு நிபந்தனைகளை வகுத்தது: ஆசாமி நம் கோர்ட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டவனாக இருக்க வேண்டும், தடை இல்லாவிட்டால் நியாயம் கெட வேண்டும், அயல் கோர்ட்டின் மரியாதையையும் மறக்கக் கூடாது.

அந்த முதல் நிபந்தனையில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. இங்கே வீடு வாசல் உள்ளவன்தான் இந்த உத்தரவுக்குப் பயப்படுவான். எல்லாவற்றையும் விற்றுக்கொண்டு, அயல்நாட்டுப் பிரஜையாகி, இனி இந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று இருப்பவனை அது என்ன செய்யும்? தாயாரைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இருந்த பிள்ளையின் கையைத்தான் அது இறுகக் கட்டும்.

இரண்டு தேசத்தில் சொத்துள்ள தகப்பனார்கள் தேசத்துக்கு ஓர் உயில் எழுதுவது நல்லது. ஆனால் எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'இதற்கு முன் எழுதிய உயில்கள் யாவும் ரத்து' என்று குமாஸ்தா வழக்கமாகச் சேர்க்கும் வரி, கடலுக்கு அப்பால் இருக்கும் உயிலையும் சேர்த்தே ரத்துச் செய்துவிடக் கூடும்.