மார்பிற் சின்னமும் கையிற் கருவியும்

பாடசாலைகளைப் பற்றிப் பேசுவோர் இக்காலத்தில் இரண்டு சொற்களை அடிக்கடி எடுத்தாளுகின்றனர். ஒன்று தலைமைத்துவம், மற்றொன்று தொழினுட்பம். முன்னதற்குச் சின்னஞ் சூட்டும் விழாவும் கருத்தரங்கும் நடத்துகின்றோம். பின்னதற்குக் கணனிக் கூடம் ஒன்றைத் திறந்துவைத்து, கைத்தொலைபேசி கொண்டுவரலாகாது என்ற அறிவித்தலையும் சுவரில் ஒட்டுகின்றோம். ஒன்று ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியருக்கும், மற்றது கணனி கற்பிக்கும் ஆசிரியருக்கும் உரியது என எண்ணுதலும் வழக்கமாகிவிட்டது. இவ்விரண்டையும் பிரித்து நோக்குதல் பொருந்தாது என்பதே நாம் இங்கு கூற விழைவது. பிள்ளைகளின் கையிலுள்ள கருவி நெறி தவறுங்கால் அதனை முதலிற் காண்போர் பிள்ளைகளே. ஆதலின் அதனைத் திருத்தும் பொறுப்பிற் பெரும் பங்கு அவர்களுக்கு அளிக்கப்படல் வேண்டும். அப்பொறுப்பைச் சுமக்கும்போதே உண்மையான தலைமையும் விளையும்.

இது புதுமையான கருத்தன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இதற்கு உண்டு. அவ்வரலாற்றில் நம் தமிழ் நிலத்துக்கும் பங்குண்டு.

மணலில் எழுதிய பாடம்

1789ஆம் ஆண்டு அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரில் அநாதை ஆண்பிள்ளைகளுக்காக அமைந்த பள்ளிக்கு மேற்பார்வையாளராயினார். ஒருநாட் காலை அவர் குதிரை மீது செல்லும் வழியில் உள்ளூர்ப் பள்ளியொன்றைக் கண்டார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுத்தெழுதிக் கொண்டிருந்தனர். தாளும் வேண்டா, மையும் வேண்டா. பிழை நேர்ந்தாற் கையால் ஒரு தடவு தடவினாற் போதும். இன்றும் விசயதசமி நாளில் ஏடு தொடக்கும்போது, குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் நமக்கு அக்காட்சி புதியதன்று.

பெல் அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்களோ இணங்கினாரல்லர். ஆகவே அவர் ஜோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்புவித்தார். பெரியோர் கைவிட்ட காரியத்தை அச்சிறுவன் செய்துகாட்டினான். பின்பு மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறை பள்ளியெங்கும் பரவிற்று. 1797இல் இச்சோதனையைப் பற்றிப் பெல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கடுத்த ஆண்டு ஜோசப் லங்காஸ்ரர் என்பவர் அந்நகரில் தொடங்கிய பள்ளியும் இதனையொத்த முறையையே கைக்கொண்டது. 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இது பல தேசங்களுக்குஞ் சென்றது. மூத்த மாணாக்கன் இளையோரைப் பயிற்றுதல் நம் திண்ணைப் பள்ளிகளும் அறிந்ததே. அவனைச் சட்டாம்பிள்ளை என அழைத்தனர்.

இவ்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. எழும்பூர்ப் பள்ளிக்கு மணல் ஒரு புதிய தொழினுட்பம். அதற்கு ஆசிரியர் தயங்கினர், சிறுவன் தயங்கவில்லை. கைத்தொலைபேசியும் கணனியும் வந்த காலத்தில் நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் நிகழ்ந்தது இதுவேயன்றோ?

இரண்டாவது பாடம் கசப்பானது. இங்கிலாந்தில் இம்முறை செலவைச் சுருக்கும் வழியாகிவிட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும் என்றனர். சட்டாம்பிள்ளைகள் தாம் உருப்போட்டதையே பிறர்க்கும் உருப்போடுவித்தனர். கல்வி இயந்திரம்போல் ஓடிற்று. 1846இல் அரசாங்கம், மாணவ ஆசிரியர்களை ஒழுங்காகப் பயிற்றும் திட்டமொன்றை ஏற்படுத்தியபின் அப்பழைய முறை படிப்படியாக மறைந்தது. பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைத்தல் ஒன்று. பெரியவர் தம் பொறுப்பைப் பிள்ளையின் தலையிற் சுமத்திவிட்டு விலகிக்கொள்ளல் பிறிதொன்று. இவ்விரண்டையும் மயங்கக் கொள்ளலாகாது.

வாயிற் காவல்

மாணவ முதல்வர் என்னும் அமைப்பு ஆங்கிலேயரின் பாடசாலைகளிலிருந்து நமக்கு வந்தது. 1828 முதல் 1842 வரை றக்பி பாடசாலையின் அதிபராயிருந்த தோமஸ் ஆர்னல்ட், மேல்வகுப்பு மாணவரைத் தம் ஒழுக்கப் பணியிற் பங்காளிகளாகக் கொண்டு அதற்குப் புகழ் தேடித் தந்தார். நம் கல்லூரிகளில் அப்பங்காளிகள் இப்போது செய்வது யாது? காலையில் வாயிலில் நின்று பிந்தி வருவோரின் பெயரை எழுதுகின்றனர். கழுத்துப்பட்டி அணியாதவனையும் தலைமயிர் வளர்த்தவனையும் தடுத்து நிறுத்துகின்றனர். விழாக்களில் விருந்தினரை வரவேற்கின்றனர். இவையும் வேண்டியனவே. ஆயினும் இவை காவலாளியின் பணிகள்.

வாயிலுக்கு அப்பால் ஒரு வகுப்பறை தோன்றிவிட்டதை நாம் மறத்தலாகாது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாத் தொற்றினால் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. முதல்நாள்வரை விலக்கப்பட்டிருந்த கைத்தொலைபேசி, மறுநாள் முதல் வகுப்பறையாயிற்று. ஒரு கருவியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய வீடுகள் எத்தனை! 2021இல் பதுளை மாவட்டத்துக் கிராமமொன்றிற் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் கற்பாறை மீதேறிப் படித்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது தொலைபேசி வீட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டது. ஆனால் வகுப்பின் வட்ஸ்அப் குழு மட்டும் மூடப்படவில்லை. ஆசிரியர் காலடி வைக்காத அந்த இரண்டாம் வகுப்பறை இரவு பகலாகத் திறந்தே இருக்கின்றது.

தடை செய்தல் பயனற்றது என்று நாம் கூறவில்லை. பிரான்சு தேசம் 2018இல் ஆரம்ப வகுப்புகளிலும் கீழ் இடைநிலை வகுப்புகளிலும் கைத்தொலைபேசியைச் சட்டத்தால் விலக்கிற்று. அவுஸ்திரேலியாவிற் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களிற் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டம் 2025 டிசெம்பர் 10ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. வகுப்பு நேரத்திற் கவனம் சிதறாதிருக்கத் தடை உதவும். ஆயினும் நம் பாடசாலைகள் இடுந் தடை மணியடிக்கும் வரையில்தான் செல்லும். மணியடித்தபின் பிள்ளையோடு கூடச் செல்வது அவன் மனத்திற் படிந்த பழக்கமும், பக்கத்திலிருக்கும் தோழனுமே.

கோல் தவறிய பிள்ளை

அண்மையில் நாம் அறிந்த நிகழ்ச்சி ஒன்றை இங்கு கூறுதல் பொருந்தும். இல்ல விளையாட்டுப் போட்டியொன்றில் அஞ்சலோட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கோலை வாங்கும் வேளையில் அதனைத் தவறவிட்டுத் தானும் இடறி விழுந்தான். முன்னணியிலிருந்த இல்லம் கடைசியாயிற்று. பார்வையாளர் பக்கத்திலிருந்து எவரோ எடுத்த காணொளி அன்று மாலையே வகுப்புக் குழுவுக்கு வந்தது. சினிமாப் பாட்டொன்றைச் சேர்த்து, அவன் விழுங் காட்சி திரும்பத் திரும்ப ஓடுமாறு செய்திருந்தனர். இரவுக்குள் அது பிற பாடசாலைகளின் குழுக்களுக்கும் போய்விட்டது. மூன்று நாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று தாயார் கடிதம் அனுப்பியிருந்தார்.

அக்குழுவில் நாற்பது பேர் வரையில் இருந்தனர். சின்னந் தரித்த வகுப்புத் தலைவனும் இருந்தான். அவன் நல்ல பிள்ளை, கேலி செய்தானல்லன், பார்த்துவிட்டுப் பேசாதிருந்தான். பிந்தி வருவோர் பட்டியலில் இதனைக் குறிப்பதற்கு ஒரு நிரல் இல்லையே!

மூன்றாம் நாள் இரவு, கடைசி வாங்கில் இருக்கும் மாணவன் ஒருவன் குழுவில் இரண்டு வரி எழுதினான்: "இதை அவன்ரை அம்மாவும் பாத்திருப்பா. எல்லாரும் அழிச்சுவிடுங்கோ." எழுதியதோடு அமையாது, விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். அன்று இருவரும் ஒன்றாகவே பாடசாலைக்கு வந்தனர். ஆசிரியர்கள் நடந்ததை அறிந்தது அதற்கும் பின்னர். வெளியே சென்ற காணொளி சென்றதுதான். அது இன்றும் எவரெவர் கையிலோ இருக்கும். அவ்விரண்டு வரி முதல் நாள் இரவே எழுதப்பட்டிருந்தால் எத்துணை நன்று! நாற்பது பேரில் ஒருவன் செய்ததை நால்வர் செய்யப் பழக்குவதற்குப் பெயரே தலைமைப் பயிற்சி.

செய்யத்தக்கவை

இப்பயிற்சிக்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. 1907இல் பேடன் பவல், பிறவுன்சீத் தீவில் இருபது பையன்களை வைத்து முதற் பாசறையை நடத்தியபோது, அவர்களை நான்கு அணிகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். 1912 முதல் நம் நாட்டிலும் வழங்கிவரும் சாரணர் இயக்கத்தின் உயிர்நிலை அச்சிறிய அணியே. நாற்பது பேருக்கு ஒரு தலைவன் என்பதினும், ஆறேழு பேருக்கு ஒருவனாக நியமித்துத் தவணைதோறும் மாற்றிவருதல் மேலானது. கூச்சமுள்ள பிள்ளைக்கும் கடைசி வாங்குப் பிள்ளைக்கும் அப்போதுதான் முறை வரும்.

அணித் தலைவர்க்கு மெய்யான வேலை கொடுத்தல் வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவர் ஆறாம் வகுப்புக்குச் சென்று சிலவற்றைக் கற்பிக்கலாம். பிறர் படத்தை அவர் சம்மதமின்றி அனுப்பலாகாது. கடவுச்சொல்லை உற்ற நண்பனுக்கும் கொடுக்கலாகாது. வந்த செய்தியைப் பரப்புமுன் அது மெய்யோ என வினவல் வேண்டும். இவற்றை நாம் நூறு முறை சொல்வதினும், நான்கு வயது மூத்த அண்ணன் ஒருமுறை சொன்னாற் பிள்ளையின் காதில் ஏறும். கற்பிக்கும் அண்ணனும், தான் சொன்னதற்கு மாறாக நடக்க நாணுவான்.

விதியையும் அவர்களே ஆக்கட்டும். 2022 நவம்பரில் சட் ஜிபிரி வெளிவந்தபின், கேட்ட மாத்திரத்திற் கட்டுரை எழுதிக் கொடுக்கும் பொறி பிள்ளைகளுக்கு எட்டிவிட்டது. அதனை எதற்குப் பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தினாற் களவாகும், பயன்படுத்தியதை ஒப்படையில் எவ்வாறு குறித்தல் வேண்டும் என்பனவற்றை வகுப்பு கூடி ஆராய்ந்து, தம் கையால் எழுதி ஒப்பமிடட்டும். தான் கையொப்பமிட்ட விதியைப் பிள்ளை எளிதில் மீறான். மீறுவோனைத் தோழரே கேட்பர்.

அவ்வாறாயின் ஆசிரியர்க்கு வேலையில்லையோ எனின், வேலை மிகுதியாகும் என்போம். மதராஸ் முறை வீழ்ந்த கதையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சில சுமைகள் பிள்ளையின் தோளுக்குரியனவல்ல. முகப் படம் ஒன்று கிடைத்தாற் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இழிவான பொய்ப்படம் ஆக்கிவிடலாம். அதைக் காட்டி அச்சுறுத்திப் பணம் பறிப்போரும் உளர். இத்தகைய ஆபத்தைத் தோழன் தனியே தீர்க்க முயலலாகாது. உடனே பெரியவரிடம் கூறல் வேண்டும். கோள் சொல்லுதல் வேறு, தோழனைக் காத்தல் வேறு என்பதை வகுப்புத்தோறும் விளக்குதல் நம் கடன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு பிள்ளையும் மனனஞ் செய்திருத்தல் நன்று.

வீட்டுக்கு ஒரு சொல்

முடிவாகப் பெற்றார்க்கும் ஒன்று கூறுவோம். பிள்ளை ஓர் ஆபத்திற் சிக்கியும் வாய் திறவாதிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: சொன்னால் அடி விழும், தொலைபேசி பறிபோகும் என்னும் அச்சம். அவ்வச்சத்தையே அச்சுறுத்துவோன் தனக்கு ஆயுதமாகக் கொள்ளுகின்றான். ஆதலின், "நடந்ததைச் சொன்னால் உன்னைத் தண்டிக்கமாட்டோம்" என்ற உறுதியை ஆபத்து வருமுன்னரே பிள்ளைக்கு அளித்துவிடுங்கள். அளித்தபின் அதனைக் காப்பாற்றுங்கள். பிள்ளையின் படத்தை உறவினர் குழுவில் இடுமுன் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரவில் எல்லோருடைய தொலைபேசிகளும் விறாந்தை மேசையில் ஓரிடத்தில் உறங்கட்டும்; தந்தையினுடையதும் அவற்றுள் ஒன்றாகட்டும். அவ்வாறு வைக்கும் வழக்கத்தைத் தொடக்கிவைக்கும் பொறுப்பை வீட்டின் மூத்த பிள்ளையிடமே கொடுத்துப் பாருங்கள். எவர் மறந்தாலும் அப்பிள்ளை மறவாது. தந்தை மறந்தால் நினைவூட்டவும் தயங்காது. அதைக் கேட்டுச் சிரித்த முகத்தோடு தொலைபேசியை மேசையில் வைக்கும் தந்தை, தம் வீட்டில் ஒரு தலைவனை ஆக்குகின்றார்.