மாயாவியின் வலது கை

சித்திரக் கதை என்றால் நம் பெரியவர்களுக்கு ஓர் இளக்காரம். பறப்பதும் உதைப்பதும் தவிர அதில் என்ன இருக்கிறது என்பார்கள். உதைக்காகவே படிக்கிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என் நினைவில் தங்கியிருப்பது உதை அல்ல, உதைத்த ஆள்.

1972-ல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் புத்தகமாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. சீமைச் சரக்குதான், 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையில் பிறந்தவன். லூயிஸ் கிராண்டேல் என்ற ஆராய்ச்சிச்சாலை உதவியாளன். ஒரு விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பூட்டியிருக்கிறார்கள். பிறகு இன்னொரு விபத்து. அதன்பின் மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

சக்தி கிடைத்ததும் ஐயா உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை, திருடக் கிளம்பினார்! திருந்தி உளவுப் படையில் சேர்ந்ததெல்லாம் பின்னால்தான். 1984-ல் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் இந்த ஜாதிதான். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டவன், பிறகு அவர்களையே வேட்டையாடினான். அதுவும் தர்மத்துக்காக அல்ல, கர்வத்துக்காக. அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகல். அப்பழுக்கற்றவனைப் படைத்த கைக்கு இப்படி ஒரு கர்விஷ்டன் தேவைப்பட்டிருக்கிறான் போலும்.

எம். புதுப்பட்டியில் உட்கார்ந்து மாயாவியைப் படிப்பது வேறு விஷயம். மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வெடிமருந்து. வைத்தியர் கொடுப்பது அப்புறம்தான். கலக்கும்போது கொஞ்சம் உரசினால் போதும். 2023 அக்டோபரில் பக்கத்து ரெங்கபாளையத்தில் பத்துப் பேருக்கு மேல் போனார்கள். உயிர் தப்பியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சிக்கு வலது கையில் விரல்களே கிடையாது. என் மாயாவி புத்தகங்களை வாங்கி, இடது கையால் பக்கம் தள்ளித் தள்ளிப் படிப்பார். தெருவில் போகிறவர்கள் அந்தக் கையைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பதில்லை. மின்சாரம் பாயாமலே மாயாவி ஆகிவிட்டவர்!

மறைவதுதான் கதையின் அதிசயம் என்று நான் ஒரு நாள் அளந்துகொண்டிருந்தேன்.

"மறையிறதை விடு, தம்பி. அந்த இரும்பு விரல் மடங்குதில்ல, அதைப் பாரு" என்றார்.

தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடந்த சமயம் அது. வீட்டில் உலை கொதிப்பதே கஷ்டம். திருந்திய மாயாவியின் கதை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுத் திண்ணையில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல்ல அவன் ஏன் திருடினான்னு எழுதினவனுக்குத் தெரியுமோ என்னமோ, எனக்குத் தெரியும்" என்றார். பழைய புத்தகத்தையே மறுபடி கேட்டார்.