பத்தாயிரம் முறை வீசினால் ஒரு மீன்!

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறது மில் லாக்ஸ் ஏரி. பரப்பளவு 500 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். ஆழமோ அதிகபட்சம் 42 அடிதான்! அதனால் காற்று பலமாக அடித்தால் கடல் மாதிரி கொந்தளிக்கும்.

நவம்பரில் சுற்றுலாக் கூட்டம் கலைந்துவிடும். தூண்டில் கோலின் வளையங்களில் தண்ணீர் உறைந்து நரம்பு சிக்கும்; விரல்கள் மரத்துப்போகும். அந்தக் குளிரிலும் சிலர் படகை இறக்குவது 'மஸ்கி' மீனுக்காக! நீண்ட உடலும் கூரிய பற்களும் கொண்ட நன்னீர் வேட்டைக்காரன் இது. 'பத்தாயிரம் வீச்சு மீன்' என்பது செல்லப்பெயர். அவ்வளவு சுலபத்தில் சிக்காது.

பிறகு ஏன் இந்தக் குளிரில்? டல்லிபீ என்ற கொழுத்த மீன்கள் இலையுதிர்காலக் கடைசியில்தான் முட்டையிட ஆழம் குறைந்த பகுதிக்கு வரும். அவற்றை விழுங்க மஸ்கியும் பின்னாலேயே வரும். ஆண்டின் மிகக் கனமான மஸ்கி கிடைப்பது அப்போதுதான்.

54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காது. பெரியது கிடைத்தாலும் படம் எடுத்துக்கொண்டு தண்ணீரில் விடுவதே இங்கே வழக்கம்.

2021 நவம்பரில், கரையோரப் பனிக்கட்டியை உடைத்துப் படகை இறக்கிய நண்பர்களுக்கு 25 கிலோவைத் தாண்டிய மஸ்கி சிக்கியது. அதைத் திரும்ப நீந்தவைக்க வெகுநேரம் போராடினார்கள். மீன் பிழைக்கவில்லை. அதன் பிறகே தராசில் ஏற்றினார்கள். 1957-ல் பதிவான மாநிலச் சாதனை முறிந்தது.

அது பிழைத்து நீந்திப் போயிருந்தால், சாதனை ஏட்டில் அதன் எடை ஏறியிருக்காது!