ஓரத்தில் எழுதிய பென்சில் குறிப்புகள்

திங்கள்

நண்பரின் புதிய மாயக் கதை, கையெழுத்துப் பிரதியாகத் தபாலில் வந்து சேர்ந்தது. அவருடையதை நான் படிப்பது, என்னுடையதை அவர் படிப்பது, தோன்றும் அபிப்பிராயங்களைப் பக்க ஓரத்தில் பென்சிலால் மட்டுமே குறிப்பது என்பது எங்களுக்குள் நெடுநாளைய ஏற்பாடு. மை கூடாது என்றது அவர்தான். குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் ஒருவர் நூலுக்கு ஒருவர் முன்னுரை வழங்கிப் புகழ்ந்துகொள்வது நம்மிடையே சர்வ சாதாரணம். அச்சேறும் முன்பே குறை சொல்லுவதும், அதைக் கேட்டுக்கொள்ளுவதும்தான் அபூர்வம்.

செவ்வாய்

கிணற்றுக்குள் இறங்கிய சிறுமியொருத்தி பாதாள ராஜ்யம் ஒன்றை அடைகிறாள். அங்கே அடியெடுத்து வைக்கிறவர்கள் தங்கள் நிழலை வாயிற்காவலனிடம் அடகு வைத்தாக வேண்டும் என்பது அவ்விடத்துச் சட்டம். இதை இரண்டாம் அத்தியாயத்தில் வெகு அழகாக ஸ்தாபித்துவிட்ட நண்பர், ஏழாம் அத்தியாயத்தில், தீவட்டி வெளிச்சத்தில் அவளுடைய நிழல் சுவரில் நீண்டு ராட்சசனை நடுங்க வைப்பதாக எழுதியிருக்கிறார். காட்சி என்னவோ பிரமாதம். ஆனால், யானை பறக்கிறது என்றால் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்ளும் குழந்தை, பறக்காது என்று முன்பு சொல்லப்பட்ட யானை பின்னால் பறந்தால், “அப்போ ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்காமல் விடாது. ‘அடகை எப்போது மீட்டாள்?’ என்று மட்டும் ஓரத்தில் எழுதினேன்.

புதன்

இத்தகைய பரிவர்த்தனையை நினைக்கும்போதெல்லாம் ஆக்ஸ்போர்டு ஆசிரியர்கள் இருவர் நினைவுக்கு வருகிறார்கள். டோல்கீனின் ‘ஹாபிட்’ 1937-இல் பிரசுரமாவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே அதைப் பிரதியில் படித்து ஆனந்தித்தவர் சி. எஸ். லூயிஸ், வியாழக்கிழமை இரவுகளில் லூயிஸின் கல்லூரி அறையில் கூடிய நண்பர்களுக்குத்தான் டோல்கீன் தம் அடுத்த பெரிய கதையை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டினார், லூயிஸின் தூண்டுதல் இல்லாவிட்டால் அதை முடித்தே இருக்கமாட்டேன் என்று பின்னாளில் எழுதியும் வைத்தார். அப்படிப்பட்டவருக்கு, 1949-இல் லூயிஸ் தம் நார்னியாக் கதையின் தொடக்கத்தைப் படித்துக் காட்டியபோது, அது சிறிதும் பிடிக்கவில்லை.

லூயிஸ் மனந்தளர்ந்து, ரோஜர் லான்ஸலின் கிரீன் என்ற மற்றொரு சிநேகிதரிடம் போனார். கிரீனும் மாயக் கதை எழுதி, பிரதியை லூயிஸிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டிருந்தவரே. மேலே எழுதும்படி உற்சாகமூட்டிய அவர், கிறிஸ்துமஸ் தாத்தா இக்கதையில் ஒட்டவில்லை, எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். லூயிஸ் கேட்கவில்லை, 1950-இல் வந்த புத்தகத்தில் தாத்தா பரிசு வழங்கத்தான் செய்கிறார். ஆயினும் பிந்திய கதையொன்றில் கிரீன் ஆட்சேபித்த ஒரு பகுதியை அவர் நீக்கிவிட்டார்.

டோல்கீனின் ரசனையைக் குறை கூற நான் யார்? எனினும், ஒரு கற்பனா லோகத்துக்கு முதலில் பாஷைகளையும் பூகோளத்தையும் சிருஷ்டித்துவிட்டுப் பிறகே அதில் மனிதரை நடமாடவிடும் சுபாவமுடைய ஒருவர், ரோமானியப் புராணத்து ஆட்டுக்கால் வனதேவனும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஒரே காட்டில் உலாவுவதைக் கண்டு முகம் சுளித்தது, தம் வழியைக் கொண்டு பிறர் வழியை அளந்ததாகவே எனக்குப் படுகிறது. கிரீனோ, கதை போக விரும்பிய வழியிலேயே கூடப் போய், அது இடறிய இடத்தைக் காட்டினார்.

வெள்ளி

என் பிரதியும் திரும்பி வந்தது. கிழவி பேரனுக்கு உபதேசம் செய்யும் பக்கத்தில், ‘குழந்தை இங்கே தண்ணீர் குடிக்க எழுந்து போகும்’ என்று நண்பர் எழுதியிருந்தார். வாதத்துக்கு இடமில்லை, பக்கம் முழுவதையும் அடித்துவிட்டேன். ஆமை இத்தனை முறை அழ வேண்டாம் என்ற யோசனையை மட்டும் ஏற்பதற்கில்லை. முந்நூறு வருஷம் வாழ்ந்து, சிநேகிதர்களையெல்லாம் பறிகொடுத்த பிராணி அது; அழத்தான் செய்யும்.

கூடவே ஒரு கடிதம். ஏழாம் அத்தியாயத்தை அவர் தொடப்போவதில்லையாம். இரண்டாம் அத்தியாயத்திலேயே சிறுமி காவலனை ஏமாற்றி, தன் நிழலுக்குப் பதிலாக இடுப்பில் செருகியிருந்த மரப்பாச்சியின் நிழலை அடகு வைத்துவிடுகிறாளாம். நான் சொல்ல நினைத்திருந்த பரிகாரத்தைவிட இது எவ்வளவோ மேல். திருத்திய பிரதி பொங்கலுக்குள் வந்துவிடும் என்று எழுதியிருக்கிறார்.